சந்தனம் பூசிய டிஸ்க்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "மேடம், நீங்க எந்த சாஃப்ட்வேர் யூஸ் பண்ணுவீங்க?" ஓய்வு பெற்று, வீட்டில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீயும் வாங்கிக் கொடுத்து, கேட்க இதுதானா கிடைத்தது? சாஃப்ட்வேர் வரும், போகும். பழைய பெயரைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். செத்த டிஸ்கிலிருந்து டேட்டா மீட்டுக் கொடுக்கும் கடையை நான் வைத்திருந்த காலம் முழுக்க மாறாமல் இருந்தவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும்தான்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மழையில் நனைந்த ஹார்டு டிஸ்கைக் குடோனில் ஒரு மூட்டைக்குள் புதைத்துவிட்டு, எந்த மூட்டை என்று மறந்துபோன ரைஸ்மில் முதலாளி ஒருவர் இருந்தார். நல்லவேளை, மூட்டையை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ஞாபகம் வந்தது. டிஸ்க் "சூடாகிறது" என்று அதைத் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் வைத்த தலைமை ஆசிரியையும் இருந்தார். இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள், அவ்வளவுதான். தண்ணீரும் இடியும் கொன்ற டிஸ்குகளைவிட, அவசரப்பட்ட ஆள்காட்டி விரல் கொன்றவைதான் அதிகம் என்பேன்.

அப்படிப்பட்ட ஒரு விரலைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். விரல் ஆரணியில் இருந்தது. அதன் சொந்தக்காரர் பெயர் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் பட்டுச் சேலை வியாபாரி. தானே டிசைன் போட்டு, சுற்றுவட்டாரத் தறிகளுக்குக் கொடுத்து நெய்து வாங்குகிறவர். தங்கமான மனிதர். ஒரே குறை, அவருக்கு எல்லாமே ஜல்தியாக நடக்க வேண்டும். பேசும்போது பாதி வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுவார். சாப்பாட்டுக் கடையில் இலை போடுவதற்குள் பில் எங்கே என்று கேட்கிற ஆள்.

விஜயதசமியன்று காலையில் வேலூரில் என் கடையைத் திறந்து, நல்ல நாளில் புதிதாக ஏதாவது தொடங்கலாமே என்று உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"மேடம், பொட்டி அவுட்டு. தறிக்காரரு காத்துகினு இருக்காரு. பெரிய பேஜாரா பூடுச்சு. ஜல்தி வாங்க."

பெட்டி என்று அவர் சொன்னது, டிசைன்களை எல்லாம் சேமித்து வைக்கும் இரட்டை டிஸ்க் பெட்டியை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் இரண்டு டிஸ்குகள் இருக்கும். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். மிரர் என்பார்கள். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கிறது என்ற தைரியம். இந்தத் தைரியத்தில்தான் ஜனங்கள் வேறு எங்கும் நகல் எடுத்து வைக்காமல் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நமக்குச் சோறு போடுவதும் அந்தத் தூக்கம்தான்.

"ஸ்விட்சைத் தொடாதீங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவராவது, தொடாமல் இருப்பதாவது. பஸ் கண்ணமங்கலத்தில் நின்று, வேர்க்கடலைக் கூடையோடு ஒருவர் ஏறிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன்.

"மேடம், நீங்க வரவே வேணாம் போல இருக்குது. சரியாயிடுச்சு!"

"என்ன சரியாயிடுச்சு?"

"ஒரு டிஸ்க்கு நல்லாத்தான் ஓடிகினு இருக்குது. எல்லா ஃபோல்டரும் தெரியுது. செத்துக் கிடந்தத நம்ம குப்புசாமி துணியால தொடச்சி உள்ள தள்னாரு, அதுக்கும் உசுரு வந்துடுச்சு. இப்ப ஸ்க்ரீன்ல கேக்குது, இந்த டிஸ்க்க ஜோடி சேக்கலாமான்னு. யெஸ்ஸா, நோவா? மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேல பாக்கற நம்ம மச்சான் யெஸ் அழுத்தச் சொல்றான். அழுத்திட்றேன்."

"கையை எடுங்க!"

நான் கத்திய கத்தலில், என் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த வேர்க்கடலைக்காரர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னா மேடம், அப்ப நோ அழுத்தவா?"

"அதுவும் வேணாம்."

"ரெண்டுல ஒண்ணுதானே மேடம் அழுத்த முடியும்?"

"மூணாவதா ஒண்ணு இருக்கு. சுவத்துல இருக்கிற ஸ்விட்ச். அதை அணைச்சிடுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்க."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழித்த கண்டக்டர் பொறுக்க முடியாமல் சொன்னார்: "எதுக்கும் ஒரு வாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க மேடம். எங்க டிக்கெட் மிஷினு அப்படித்தான் சரியாவுது." முன் சீட்டில் இருந்தவர், மிஷின் விஷயத்தில் பயப்படவே கூடாது, யெஸ் அழுத்துவதுதான் நல்லது என்றார். பஸ்ஸில் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் யெஸ் அமோகமாக ஜெயித்திருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எந்த டிஸ்க் எப்போது செத்தது, ஏன் செத்தது, எதுவும் தெரியாது. ஜோடி சேர்ப்பது என்றால் ஒரு டிஸ்க் சொல்லும், மற்றது எழுதிக்கொள்ளும் என்பது மட்டும் தெரியும். எழுதிக்கொள்கிற டிஸ்கில் அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் போய்விடும். யார் சொல்வது, யார் எழுதிக்கொள்வது என்று தெரியாத வரைக்கும் யெஸ்ஸும் கிடையாது, நோவும் கிடையாது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், மச்சான் சிரிப்பார், கண்டக்டர் யோசனை சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்கத்தான் நமக்குச் சம்பளம்.

ஏகாம்பரத்தின் ஆபீசுக்குள் நுழைந்ததும் சந்தன வாசனை ஆளைத் தூக்கியது. முந்தின நாள் ஆயுத பூஜை. மின்விசிறிக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, கால்குலேட்டருக்குக்கூட ஒரு குட்டிப் பொட்டு. கீபோர்டின் இரண்டு ஓரத்திலும் எழுத்துகளை மறைக்காமல் அழகாக வைத்திருந்தார்கள். வேலை சுத்தம் என்று மனதுக்குள் பாராட்டினேன். அப்போது எனக்கு விவகாரம் தெரியாது.

சுவரோரம் நாற்காலியில் ஒரு அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு தட்டு நிறையப் பொரியும் கடலையும். அதில் கை பட்ட அடையாளமே இல்லை. யார் என்று கண்ணாலேயே கேட்டேன். டிசைன் போடுகிற சரளா சொன்னாள்:

"சேத்துப்பட்டு விஜயாம்மா, மேடம். ஐப்பசி மொத முகூர்த்தத்துல அவங்க பொண்ணு பவித்ராவுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலை நம்மளுது. முந்தியில பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு ரெண்டையும் சரிகையில நெய்யறோம். உடலு முடிஞ்சிடுச்சு. நல்ல நாளாச்சே, இன்னைக்கே முந்தி ஆரம்பிக்கணும்னு நேர்ல பாக்க வந்திருக்காங்க. ஆனா முந்தி டிசைனு இந்தப் பொட்டியிலதான் இருக்குது."

"வேற எங்கயும் வச்சிக்கலையா?"

சரளா ஏகாம்பரத்தைப் பார்த்தாள். ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார். "அதான் ரெண்டு டிஸ்க்கு இருக்குதே மேடம்..." என்று இழுத்தார்.

தறியில் இருக்கும் மின்னணு ஜக்கார்டுக்கு டிசைனை பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும், எந்த நூலைத் தூக்க வேண்டும் என்று அது பார்த்துக்கொள்ளும். ஆனால் சரிகை போட்டு நெய்ததைப் பிரித்து மறுபடி நெய்வது நடக்காத காரியம். பிழை என்றால் சேலை போச்சு. புதிதாக நெய்ய ஐப்பசிக்குள் நாள் இல்லை. அந்த அம்மா பொரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. பாதிதான் புரிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பெட்டியைத் திறந்து இரண்டு டிஸ்குகளையும் வெளியே எடுத்தேன். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம், பச்சை நிறத்தில் சர்க்யூட் போர்டு இருக்கும் இடத்தில், நடுநாயகமாகச் சந்தனம். உள்ளங்கை அகலம். அதன் நடுவில் குங்குமம். துணியால் துடைத்தது போக மீதியே அவ்வளவு. இன்னொரு டிஸ்கிலும் சந்தனம் இருந்தது. ஆனால் ஓரமாக, சின்னதாக ஒரு தீற்று.

வாழ்க்கையில் எத்தனையோ டிஸ்குகளைப் பார்த்திருக்கிறேன். மங்களகரமாக ஒன்றைப் பார்த்தது அன்றுதான்.

"யாரு வச்சது?" என்றேன்.

நெற்றி நிறைய விபூதியோடு, கணக்குப் பார்க்கும் குப்புசாமி முன்னால் வந்தார். என் வயதுதான் இருக்கும். முகம் வெளிறிக் கிடந்தது.

"நான்தாங்க மேடம். பொட்டிக்கு மேல மட்டும் வச்சா போதுங்களா? வேல செய்யறது உள்ள இருக்கிறதுங்கதானே? அதான் வெளிய எடுத்தேன்."

"சரி, ஏன் இந்தப் பக்கம் வச்சீங்க? மேல் பக்கம் தகடுதானே, அங்க வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதே."

"மேல்பக்கம் லேபிள்ல எழுத்து இருந்துச்சுங்களே! சரஸ்வதி பூஜையும் அதுவுமா, எழுத்து மேல சந்தனத்த பூசலாங்களா? அதான் திருப்பி வச்சேன். மொதல்ல எடுத்ததுக்குக் கை நெறைய வந்துடுச்சு. ரெண்டாவதுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சிச்சு. நேத்து பூரா படத்துக்கு முன்னால இருந்துச்சு. பூஜையில வச்சத அன்னைக்கே எடுக்கக் கூடாதுங்களே. காத்தாலதான் எடுத்து மாட்னேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சத்தியமாக வரவில்லை. அவர் சொன்னதில் எந்த வரியில் தப்பு கண்டுபிடிப்பது? அவருக்குத் தெரிந்த வரையில் ஒவ்வொன்றும் யோசித்துச் செய்ததுதான். நீங்கள் இப்போது சிரிக்கிறீர்களே, அதே சிரிப்பை அவர் முன்னால் சிரித்திருந்தால் அடுத்து நான் கேட்கப் போகும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லியிருக்க மாட்டார். பயந்துபோன மனிதரிடம் உண்மையை வாங்குவது, செத்த டிஸ்கிலிருந்து டேட்டா வாங்குவதைவிடக் கஷ்டம். அதற்கு சாஃப்ட்வேரும் கிடையாது.

அடுத்த வருஷம் என்ன செய்தேன் தெரியுமா? ஆயுத பூஜைக்கு முன்னால் போய், பெட்டியின் மூடியில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "பொட்டு இங்கே" என்று எழுதிவிட்டு வந்தேன். குப்புசாமிக்குப் பரம திருப்தி. வைக்காதே என்று சொன்னால் நாம் போன பிறகு வேறு எங்காவது வைப்பார்கள். எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த எல்லா ஆபீசிலும் அந்த ஸ்டிக்கரை ஒட்டினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏகாம்பரம் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அதான் நல்ல டிஸ்க்கு ஒண்ணு இருக்குதே மேடம். அதுல இருந்து சந்தன டிஸ்க்குக்கு ஏத்திட்டா ஆச்சு. ஒண்ணு மட்டும் சொல்லணும், பூஜை பலிச்சிடுச்சு. இத்தினி நாளு கத்திகினு இருந்தது இப்ப கப்சிப்."

"என்ன கத்திகினு இருந்தது?"

"பொட்டிதான். பீப், பீப்னு. ஆடியில இருந்து ஒரே பேஜாரு. ஒரு கஸ்டமர உக்கார வச்சி பேச முடியல. அதான் குப்புசாமி மேல ஒரு தலகாணிய போட்டு வச்சாரு."

பெட்டி வாய் விட்டுக் கத்தியிருக்கிறது, ஒரு டிஸ்க் என்னோடு இல்லை, ஒரு டிஸ்க் என்னோடு இல்லை என்று. இவர்கள் தலையணை வைத்து அமுக்கியிருக்கிறார்கள். பட்டுத் துணி போட்ட தலையணை வேறு.

ஆடியிலேயே ஒரு டிஸ்க் ஜோடியிலிருந்து விலகிவிட்டது என்றால், அதற்குப் பிறகு சரளா போட்டது எல்லாம் ஒரே டிஸ்கில்தான் இருக்கும். எந்த டிஸ்கில்? சந்தனம் அதிகம் பூசிக்கொண்டு படுத்துவிட்டதே, அதிலா? அல்லது இப்போது சமர்த்தாக ஓடுகிறதே, அதிலா? சமர்த்தாக ஓடும் டிஸ்கைப் பெட்டிக்குள் பொருத்தும் சட்டத்தைப் பார்த்தேன். அதன் கொக்கி தளர்ந்திருந்தது. சரியாக மாட்டாமல், அதிர்வில் நகர்ந்து, தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். குப்புசாமி பூஜைக்கு எடுத்து மறுபடி அழுத்தி மாட்டியதும் உயிர் வந்திருக்கலாம். அப்படியானால் இது ஆடியில் தூங்கி விஜயதசமிக்கு எழுந்த டிஸ்க்.

சந்தேகம்தான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரையும் பயமுறுத்தக் கூடாது. அந்த டிஸ்கை மட்டும் என் லேப்டாப்பில், எதுவும் எழுத முடியாதபடி மாட்டினேன். ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரிந்தன. ஏகாம்பரம் கையைத் தட்டினார். "பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே!"

அதே நேரத்தில் தறிக்காரர் போனில் கூப்பிட்டு முந்தி வந்துவிட்டதா என்று கேட்டார். "தோ, அனுப்பிகினே இருக்கேன்" என்றார் ஏகாம்பரம். சரளா பென் டிரைவைக் கையில் எடுத்துவிட்டாள்.

"சரளா, காப்பி பண்றதுக்கு முன்னால ஒரு தடவை திறந்து காட்டும்மா" என்றேன்.

திறந்தாள். விஜயாம்மாவும் எழுந்து வந்து பின்னால் நின்றார். திரையில் அழகான முந்தி விரிந்தது. கிளிகள், மாங்காய்கள், நடுவில் தாமரை. ஒரு பக்கம் பவித்ரா என்று கொடி சுற்றிய எழுத்து. மறுபக்கம் அதே கொடி சுற்றி, ராஜேஷ்.

சரளாவின் கை வாய்க்குப் போனது. ஏகாம்பரத்தின் கால் ஆடுவது நின்றது. அவர் கால் ஆடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன ஆச்சு?" என்றேன். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

விஜயாம்மாதான் பதில் சொன்னார். குரல் உயரவில்லை.

"மாப்பிள்ளை பேரு கோகுலும்மா. இது மொதல்ல பேசின பையன். நிச்சயம் பண்ணி, பத்திரிகை அடிக்கப் போற நேரத்துல வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆனி மாசம். என் பொண்ணு ஒரு மாசம் வெளிய தல காட்டல. ஊருல ஆளுக்கொண்ணு பேசினாங்க. அப்புறம் ஆவணியிலதான் இந்த எடம் அமைஞ்சுது. அவளுக்கு இந்த டிசைனு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. அதையே வச்சிகினு பேர மட்டும் மாத்திக் குடுங்கன்னு வந்து கேட்டோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் திரையைக் காட்டினார். "இது இன்னுமா இங்க இருக்குது?"

பெயரை மாற்றியது ஆவணியில். டிஸ்க் தூங்கிப்போனது ஆடியில். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏகாம்பரம் தன் வலது கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அது யெஸ்ஸை அழுத்தியிருந்தால், ஆடி மாதத்து டிஸ்க் சொல்லச் சொல்ல, சந்தன டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும். கோகுல் போயிருப்பார். ராஜேஷ் இரண்டு டிஸ்கிலும் உட்கார்ந்திருப்பார். டிசைனைத் திறந்து பார்க்காமல் ஜல்தியாகத் தறிக்கு அனுப்பியிருந்தால், முகூர்த்தச் சேலையிலும் சரிகையோடு ஏறியிருப்பார். உங்களில் கல்யாணம் ஆகாதவர்கள், மணமேடையில் அந்த முந்தி விரிவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

"நான் அழுத்தியிருப்பேன் மேடம்" என்றார் ஏகாம்பரம். முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை நிதானமாகச் சொன்னார்.

இனி எல்லாம் சந்தன டிஸ்கின் கையில். போர்டைக் கழற்றி எப்படிச் சுத்தம் செய்தேன், எதை வைத்துத் துடைத்தேன் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். சந்தனத்துக்கென்று தனிப் பாடம் இருக்காது, அவ்வளவுதான். குப்புசாமி பக்கத்தில் நின்று, நான் பஞ்சை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் ஆதரவு தேவைப்பட்டது.

டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. ஆனால் விட்டு விட்டு. ஈரம் எங்கேயோ தன் வேலையைக் காட்டியிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாத நிலை. இந்த மாதிரி நேரத்தில் முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக நகல் எடுப்பதுதான் முறை. ஆனால் பாதியில் படுத்துவிட்டால், நமக்கு வேண்டியது அந்தப் பாதியில் இருக்கும் என்பது என்ன நிச்சயம்? எனவே முறையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"ஏகாம்பரம், ஒண்ணே ஒண்ணுதான் மொதல்ல எடுப்பேன். அதுக்கப்புறம் இது படுத்துட்டா என்னைக் கேக்கக் கூடாது. எது வேணும், சொல்லுங்க."

அவருடைய தீபாவளிச் சரக்கின் டிசைன்கள் முழுக்க அதில்தான் இருந்தன. ஆடியிலிருந்து சரளா ராவும் பகலும் உட்கார்ந்து போட்டவை. வருஷ வியாபாரமே அதுதான். விஜயாம்மா அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குக் கேட்க உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"பொண்ணு முந்தியை எடுங்க மேடம்" என்றார் ஏகாம்பரம். "சரக்கு போனா அடுத்த தீபாவளி இருக்குது."

எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதுவரை அவரை அவசரக் குடுக்கை என்று மனதுக்குள் திட்டியதை எல்லாம் அந்த நிமிஷமே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

முந்தி வந்தது. சரளா திறந்தாள். கிளிகள், மாங்காய்கள், தாமரை, பவித்ரா, கோகுல். விஜயாம்மா ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் படித்தார். சரளா பென் டிரைவை எடுத்துக்கொண்டு தானே ஸ்கூட்டியில் தறிக்குப் பறந்தாள். அதன் பிறகு, யாரும் அவசரப்படுத்தாததாலோ என்னவோ, சந்தன டிஸ்க் மற்றதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டது. தீபாவளி டிசைன்களும் வந்தன. கொண்டுபோயிருந்த புது டிஸ்கில் ஒரு நகல், என்னிடம் தனியாக ஒரு நகல். இரண்டையும் திறந்து சரிபார்த்த பிறகுதான் டீயைத் தொட்டேன்.

"மேடம், அப்ப பூஜை பலிச்சதுங்களா, இல்லீங்களா?" என்று குப்புசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாதி பலிச்சுது. தூங்கினதை எழுப்பிவிட்டீங்க, ஓடினதைத் தூங்க வச்சிட்டீங்க."

அவர் கணக்குப் பார்க்கிறவர். வரவும் செலவும் சரியாகிவிட்டது என்று நிம்மதியடைந்தார்.

இனி பெட்டியை மறுபடி ஜோடியாக்க வேண்டும். புது டிஸ்கை மாட்டியாகிவிட்டது. இரண்டாவது இடத்துக்கு அந்த ஆடி மாதத்து டிஸ்கையே பயன்படுத்தலாம். கொக்கியைச் சரிசெய்தால் அது ஆரோக்கியமான டிஸ்க்தான். ஆனால் நம் தொழிலில் பழைய டிஸ்கை உடனே அழிக்கக் கூடாது, கொஞ்ச நாள் மேஜை டிராயரில் போட்டு வைக்க வேண்டும் என்பது வழக்கம். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அதையே சொல்லி, இன்னொரு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம், இதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்றேன்.

அதுவரை ஓரமாக இருந்த விஜயாம்மா கேட்டார்: "ஏம்மா, அத எடுத்து வச்சா, அந்தப் பேரும் அதுலயே இருக்குமா?"

"இருக்கும்மா. யாராவது தேடினா கிடைக்கும்."

"என் பொண்ணு சேலை நெய்யற எடத்துல அது இருக்க வேணாம்மா."

வழக்கத்தைப் பார்த்தேன், அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். நல்ல நகல் இரண்டு கையில் இருக்கிறது. அந்தப் பழைய டிஸ்கில் இருந்ததெல்லாம் இவற்றிலும் இருக்கிறது, அந்த ஒரு பெயரைத் தவிர. விதியை எப்போது தளர்த்தலாம் என்று நீங்கள் கேட்டால், தளர்த்துவதால் போகப் போவது என்ன என்று துல்லியமாகத் தெரிந்தபோது என்பேன். ஆடி மாதத்து டிஸ்கைப் பெட்டியில் மாட்டினேன். திரையில் காலையில் கேட்ட அதே கேள்வி வந்தது. இந்த டிஸ்கை ஜோடி சேர்க்கலாமா? இதில் உள்ளவை எல்லாம் அழிக்கப்படும். யெஸ், நோ.

ஏகாம்பரத்தின் விரல் பழக்கதோஷத்தில் நீண்டது. பிறகு அவரே அதை மடக்கிக்கொண்டார்.

"எத அழுத்தணும்னு காட்டும்மா" என்றார் விஜயாம்மா. "நானே அழுத்தறேன்."

காட்டினேன். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, மவுஸின் மேல் வைத்து, கதவைத் தாழ்ப்பாள் போடுகிற அழுத்தத்தோடு அழுத்தினார். காலையிலிருந்து எல்லோரையும் நான் அண்டவிடாமல் காத்த பொத்தான். போனதைத் திரும்பக் கொண்டுவருவதே பிழைப்பாக இருந்த எனக்கு, ஒன்று திரும்பி வரவே கூடாது என்று பக்கத்தில் நின்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

திரையில் பூஜ்யம் என்று காட்டியது. வெகுநேரம் கழித்து ஒரு சதவீதம் என்று மாறியது. இது முடிய ராத்திரி பூராவும் ஆகும், நீங்கள் கிளம்புங்கள் என்றேன். அவர் அசையவில்லை.

"ஒண்ணுன்னு போட்டிருக்குதே. அந்தப் பேரு இப்ப போயிருக்குமாம்மா?"

ஒரு சதவீதத்தில் எது போயிருக்கும், எது இருக்கும் என்று நம் தொழிலில் யாராலும் சொல்ல முடியாது.

"போயிடுச்சும்மா" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். பிறகு தட்டைப் பக்கத்தில் இழுத்து, காலையிலிருந்து தொடாத பொரியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.